24 லட்சத்துக்குப் போர்ஷே: மாதம் பத்தாயிரத்தில் கட்டுப்படியாகுமா?

கோவையிலிருந்து வந்த கடிதம், கொஞ்சம் சுருக்கித் தருகிறேன்:

“சார், வயது 36. பம்ப் செட்டுக்கு உதிரி பாகம் செய்யும் சின்ன யூனிட் நடத்துகிறேன். பெங்களூரில் ஒரு 2008 போர்ஷே கேமன் எஸ் விலைக்கு வந்திருக்கிறது. மேனுவல் கியர், கேஏ நம்பர், மூன்றாவது ஓனர், மீட்டரில் 41,000 கிலோமீட்டர்தான். 24 லட்சம் சொல்கிறார்கள். என் கையில் 16 இருக்கிறது, மீதிக்கு பர்சனல் லோன். புது க்ரெட்டா டாப் மாடலே ஆன்ரோடு இந்த விலைக்குப் போகிறதே, அதற்கு இதையே வாங்கினால் என்ன? மாதம் பத்தாயிரம் ஒதுக்கினால் பராமரிப்புக்குப் போதுமா? வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கும் ஆசையும் உண்டு.”

தம்பி, பத்தாயிரம் போதாது. இருபது, இருபத்தைந்தாயிரம் என்று வைத்துக்கொண்டால் பேசலாம், அதுவும் பெட்ரோல் சேர்க்காமல், பெரிய செலவு எதுவும் வராத வருடத்தில். இதைக் கேட்டதும் கடிதத்தை மூடிவிடத் தோன்றினால் மூடிவிடுங்கள், தப்பில்லை. எனக்குக் காரை விற்றும் லாபமில்லை, உங்களைத் தடுத்தும் லாபமில்லை. இந்த ரகக் கார்களைத் தூக்கிவைத்துக் கீழே நின்று வேலை பார்க்கிறவன், அவ்வளவுதான்.

க்ரெட்டாவோடு ஒப்பிட்டீர்களே, சறுக்கல் அங்கேதான். அரைக்கோடிக்கு மேல் விலை போட்டு, ஃபின்லாந்தில் செய்து முழுசாக இங்கே இறங்கிய கார் இது. இன்றைக்கு அது 24 லட்சத்துக்கு வந்திருக்கலாம், ஆனால் அதன் கிளட்சும் பிரேக் டிஸ்க்கும் விலை குறைந்து 24 லட்சத்துக் கார் பாகமாக மாறிவிடவில்லை. அவையெல்லாம் இன்னும் அரைக்கோடி கார் விலையில்தான் வருகின்றன, கூடவே கஸ்டம்ஸ், கூரியர், மூன்று வாரக் காத்திருப்பு. செகண்ட் ஹேண்ட் விலைக்கு வாங்கி, புதுக் கார் விலைக்கு ரிப்பேர் செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஸ்போர்ட்ஸ் கார் வாங்கி ஏமாந்தேன் என்கிறவர்களில் பாதிப் பேரை யாரும் ஏமாற்றவில்லை, இந்தக் கணக்கைப் போடாமல் வாங்கினவர்கள்தான்.

அப்புறம் அந்த 41,000 கிலோமீட்டர். நீங்கள் சந்தோஷமாக எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் கவலை. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆன வண்டி அவ்வளவுதான் ஓடியிருக்கிறது என்றால் வருடத்தில் பெரும்பாலான நாள் நின்றிருக்கிறது. இன்ஜின் தேயாமல் இருக்கலாம், ஆனால் ரப்பர், சீல், ஹோஸ், பேட்டரி, டயர் இதெல்லாம் கிலோமீட்டரைப் பார்த்தா வயதாகிறது? டயர் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும், 2316 என்றால் 2016-ஆம் வருடம் 23-ஆவது வாரம் செய்தது. பட்டன் அப்படியே இருக்கிறது சார், புது டயர் மாதிரி என்பார்கள். இருக்கும், ஆனால் கல்லாகியிருக்கும், மழையில் ஒரு பிரேக் அடித்தால் தெரியும். இந்தக் காருக்கு முன்னால் 235, பின்னால் 265 அகலம், 18 அங்குலம். நான்கும் மாற்ற ஒரு லட்சத்துக்கு மேல் எடுத்து வையுங்கள். 19 அங்குல வீல் போட்டிருந்தால் இன்னும் கூடும், நம் ஊர்ப் பள்ளத்தில் அலாய் வளைவதும் கூடும்.

போன வருடம் என்னிடம் ஒரு பாக்ஸ்டர் வந்தது. கேமனும் அதுவும் உடன்பிறப்பு, மேல்கூரைதான் வேறு. ஏசி கூலிங் இல்லை என்று மட்டும்தான் புகார். இந்தக் கார்களில் ரேடியேட்டர் முன் பம்பரின் இரண்டு மூலையிலும் இருக்கும், அவற்றுக்கு முன்னால் ஏசி கண்டென்சர். பம்பரில் வாய் மாதிரி திறந்திருக்கும் இரண்டு ஓட்டை வழியாக ரோட்டில் கிடப்பதெல்லாம் உள்ளே போய்ச் சேரும். பம்பரைக் கழற்றினால் வேப்பஞ்சருகு, மட்கிய மண், நடுவில் சிப்ஸ் பாக்கெட்டின் வெள்ளிக் காகிதம். இரண்டு கையாலும் அள்ள அள்ள வந்துகொண்டே இருந்தது. பையன் கண்டென்சரை விரலால் லேசாகத் தட்டினான், அலுமினியம் அப்பளம் மாதிரிப் பொடிந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. இரண்டு கண்டென்சர், கேஸ், கூலி எல்லாம் சேர்த்து ஒரு லட்சத்தைத் தாண்டியது. வருடத்துக்கு ஒரு தடவை பம்பரைக் கழற்றி ஊதியிருந்தால் சில ஆயிரத்தோடு போயிருக்கும். அந்த ஓனர் காரை வீட்டு வாசலில் வேப்பமரத்தடியில்தான் நிறுத்துவாராம், நிழலுக்காக. நீங்கள் பார்க்கப் போகும்போது ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போய் அந்த ஓட்டைகளுக்குள் அடித்துப் பாருங்கள். காசு இல்லாமல் செய்யக்கூடிய முதல் சோதனை அது.

இப்போது இன்ஜின். இணையத்தில் தேடியிருப்பீர்கள், ஐஎம்எஸ் பேரிங் என்று பயமுறுத்தியிருப்பார்கள். இன்ஜினுக்குள் இருக்கும் இன்டர்மீடியட் ஷாஃப்டைத் தாங்குகிற பேரிங் அது, போனால் இன்ஜினே போகும், பயம் நியாயம்தான். அமெரிக்காவில் அதற்காகக் கூட்டு வழக்குப் போட்டு 2013-இல் சமரசமானது, ஆனால் அது 2001 முதல் 2005 வரையிலான கார்களைப் பற்றியது. 2006-க்குப் பிறகு பெரிய பேரிங் போட்டுவிட்டார்கள், 2008 காரில் அது போவது அபூர்வம். 2009 மாடலில் இன்ஜினையே மாற்றி, அந்த ஷாஃப்டையே எடுத்துவிட்டார்கள். ஒரு விஷயம் மட்டும் கவனியுங்கள்: பெரிய பேரிங்கை இன்ஜினை இரண்டாகப் பிரிக்காமல் வெளியே எடுக்க முடியாது. ஆகவே விற்கிறவர் “ஐஎம்எஸ் மாத்தியாச்சு சார்” என்று பெருமையாகச் சொன்னால், இன்ஜின் பிரித்த பில் எங்கே என்று கேளுங்கள். பில் இருந்தால் ஏன் பிரித்தார்கள் என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் அவர் சொல்லும் மற்ற எல்லாவற்றையும் அதே தராசில் போடுங்கள்.

2008 கேமன் எஸ்ஸில் நான் பயப்படுவது வேறு. இதன் 3.4 லிட்டர் இன்ஜினில் சிலிண்டர் சுவரில் கோடு விழும் வியாதி உண்டு, போர் ஸ்கோரிங் என்பார்கள். பிஸ்டன் உரசி உரசி சுவரைச் சுரண்டிவிடும். குளிர்நாடுகளில்தான் அதிகம், நம் வெயிலுக்கு அவ்வளவு பார்த்ததில்லை, ஆனால் இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். அறிகுறி என்ன? சூடான பிறகு ஐடிலில் டக் டக் என்று ஒரு தட்டல், சைலன்சர் குழாயில் கரி அப்பல், ஆயில் குடிப்பது. ஆயில் விஷயத்தில் கம்பெனி மேனுவலே ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒன்றரை லிட்டர் வரை போகலாம் என்கிறது, அதைக் காட்டியே விற்பார்கள். என் கணக்கில் அரை லிட்டருக்கு மேல் குடித்தால் உள்ளே பார்க்க வேண்டும். பார்ப்பது என்றால் போரோஸ்கோப், சின்னக் கேமராவை சிலிண்டருக்குள் விட்டுப் பார்ப்பது. பிளக் ஓட்டை வழியாகப் பார்ப்பது சுலபம், ஆனால் கோடு பெரும்பாலும் சிலிண்டரின் அடிப்பக்கத்தில் விழும், அதற்கு இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டியை, ஆயில் சம்ப் என்பார்கள், கழற்றிக் கீழிருந்து பார்த்தால்தான் நிச்சயம். விற்கிறவர் அதற்கு ஒத்துக்கொள்ள யோசிப்பார். ஆயில் செலவும் கூலியும் நான் தருகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அப்படியும் முடியாது என்றால் அந்தக் காரை வேறு யாராவது வாங்கட்டும். கோடு விழுந்த இன்ஜினைச் சரிசெய்வது பத்து லட்சத்தில் ஆரம்பிக்கிறது, எங்கே முடியும் என்று நான் எழுதித் தரமாட்டேன்.

போர்ஷேவுக்கான ஸ்கேனர் வைத்திருக்கிற ஒர்க்ஷாப்பில் இன்ஜின் கம்ப்யூட்டரைப் படிக்கச் சொல்லுங்கள். இரண்டு தகவல் வேண்டும். ஒன்று, ஓவர் ரெவ் பதிவு. மேனுவல் காரில் ஐந்தாவது போட வேண்டிய இடத்தில் தவறி மூன்றாவது போட்டிருந்தால் இன்ஜின் எல்லை தாண்டிச் சுழன்றிருக்கும், அது எந்த மணிநேரத்தில் நடந்தது என்பது வரை உள்ளே பதிவாகியிருக்கும். இன்னொன்று, இன்ஜின் மொத்தம் ஓடிய மணிநேரம். 41,000 கிலோமீட்டருக்கு 1,800 மணிநேரம் என்றால் சராசரி வேகம் 22, 23, பெங்களூர் டிராஃபிக்குக்கு நம்பலாம். 4,000 மணிநேரம் என்று வந்தால் சராசரி பத்து. அந்த வேகத்துக்கு மாட்டு வண்டி போதும், மீட்டரில்தான் யாரோ கை வைத்திருக்கிறார்கள்.

சரி, கார் இதெல்லாவற்றிலும் தேறிவிட்டது என்றே வைப்போம். முதல் வருடச் செலவு பெரிதாகத்தான் இருக்கும், ஏனென்றால் மூன்றாவது ஓனர் விற்கத் தீர்மானித்த நாளிலிருந்து அதில் ஒரு ரூபாய் போட்டிருக்கமாட்டார். இன்ஜின் ஆயில் மட்டும் ஏறக்குறைய எட்டு லிட்டர் பிடிக்கும், நம் ஹேட்ச்பேக் மாதிரி மூன்று லிட்டர் இல்லை. அதோடு கியர் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட், ஆறு பிளக், ஆறு காயில் (வெடிப்பு விட்டிருக்கும், கழற்றினால் தெரியும்), பெல்ட், பேட்டரி, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஆயில் செபரேட்டர். டயரையும் சேர்த்து நான்கு லட்சம். இதில் பேரம் பேசக்கூடிய இடம் ஒன்று உண்டு: போர்ஷே டப்பாவில் வருகிற கிளட்ச் சாக்ஸ் செய்தது, ஃபில்டர் மாஹ்லே, இப்படி. அதே கம்பெனிகளின் சொந்த டப்பாவில் வாங்கினால் சாமான் அதுதான், விலை நன்றாகக் குறையும். கிளட்ச் மாற்ற வேண்டியிருந்தால் கியர்பாக்ஸைக் கீழே இறக்க வேண்டும், கூடவே கிளட்சோடு சேர்ந்து சுழலும் கனச் சக்கரமான ட்யூயல் மாஸ் ஃப்ளைவீலும் போயிருந்தால் இரண்டு லட்சத்தைத் தாண்டும். அவிநாசி ரோடு டிராஃபிக்கில் தினமும் ஊர்ந்தால் சீக்கிரமே போகும்.

இன்ஷூரன்ஸில் பலர் கோட்டை விடுகிறார்கள். 1500 சிசிக்கு மேல் என்பதால் தேர்ட் பார்ட்டி மட்டும், 2022-இல் நிர்ணயித்த கட்டணப்படி, 7,897 ரூபாய், வரி தனி. அது பெரிய விஷயமில்லை. சொந்த சேதத்துக்கான பகுதியில்தான் இடிக்கும். இவ்வளவு வயதான காருக்கு, தேய்மானம் கழிக்காமல் பாகத்தின் முழு விலையையும் தரும் ஜீரோ டெப் கிடைப்பது கஷ்டம், அது இல்லாவிட்டால் பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் பாதி விலை உங்கள் கையிலிருந்து, பத்து வருடம் தாண்டியதால் உலோக பாகத்துக்கும் பாதி. இந்தக் காரின் வயிற்றுக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஒரு சாண்கூட இடைவெளி இல்லை, உங்கள் தெருமுனையில் யாரோ கொட்டி வைத்த ஸ்பீட் பிரேக்கரில் முதலில் போவது முன் பம்பர், அது பிளாஸ்டிக். இன்ஜின் தானாகக் கெட்டால் பாலிசியில் ஒன்றும் வராது என்பது தெரியும்தானே. இன்னொன்று, விற்கிறவரின் நோ க்ளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போகிறது, காரோடு இல்லை. உங்கள் இப்போதைய காரை விற்கிறீர்கள் என்றால் உங்கள் போனஸை இதற்கு மாற்றிக்கொள்ளலாம், மறக்க வேண்டாம்.

கரி ஸ்பீட்வே ஆசைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. பந்தயம், வேகச் சோதனைக்கெல்லாம் சாதாரண பாலிசி செல்லாது, செட்டிபாளையத்தில் தடுப்பில் மோதினால் முழுச் செலவும் உங்களுடையது. போகவே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை, இந்தக் காரின் அழகே வளைவில்தான். ஆனால் போவதற்கு முன் புது பிரேக் ஆயில், வந்த பிறகு பிரேக் பேட் பரிசோதனை, இன்ஜின் ஆயில் அளவு மேல்கோட்டில். ரேஸ் டயர் மாதிரி ஒட்டுகிற டயர் போடவே போடாதீர்கள், அதிக நேரம் வளைவில் அழுத்தினால் ஆயில் ஒரு பக்கமாக ஒதுங்கி பம்புக்கு எட்டாமல் போகிற ஆபத்து இந்த இன்ஜினில் உண்டு.

காகிதம். கேஏ நம்பரை அப்படியே வைத்து ஓட்டலாமா என்றால் சட்டப்படி பன்னிரண்டு மாதத்துக்கு மேல் முடியாது. (பாண்டிச்சேரி நம்பர் போட்டுக்கொண்டு வருடக்கணக்கில் ரேஸ் கோர்ஸ் ரோட்டைச் சுற்றுகிறவர்களை உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அது அவர்கள் பாடு.) பெங்களூரிலிருந்து என்ஓசி என்கிற தடையில்லாச் சான்று, இங்கே புது நம்பர், ஆயுள் வரி. வயதுக்குத் தகுந்து வரி விகிதம் குறையும், ஆனால் கணக்குப் போடுவது நீங்கள் கொடுக்கும் 24 லட்சத்தின் மேல் அல்ல, கார் புதிதாக இருந்தபோதைய விலையின் மேல். கர்நாடகத்தில் கட்டிய வரியில் திரும்பக் கிடைக்க எதுவும் மிச்சமிருக்காது. ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் டோக்கன் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். 15 வருடம் தாண்டிய கார் என்பதால் ஆர்சி புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா, எந்தத் தேதி வரை என்று முதலில் பாருங்கள். இறக்குமதி கார்களுக்கு 2022 ஏப்ரலில் அந்தப் புதுப்பிப்புக் கட்டணமே 40,000 ரூபாயானது, 20 வருடம் தாண்டியவற்றுக்கு 2025-இல் 80,000 ஆனது, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை.

பெட்ரோலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஊருக்குள் ஆறு ஏழு கிலோமீட்டர் கொடுக்கும், டேங்க் 64 லிட்டர். 98 ஆக்டேன் கேட்கிற இன்ஜின், குறைவான ஆக்டேனில் தானே சமாளித்துக்கொண்டு கொஞ்சம் சோம்பலாக ஓடும். ஆனால் இருபது சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலை மாதக்கணக்கில் டேங்க்கில் தேக்கி வைக்காதீர்கள், 2008-இல் இந்தக் காரைச் செய்தவர்கள் அதை நினைத்துச் செய்யவில்லை. பத்து நாளைக்கு ஒரு தடவையாவது அரை மணிநேரம் ஓட்டுங்கள். ஓட்டாவிட்டால் பேட்டரி இறங்கும். பேட்டரி இருப்பது முன் டிக்கியில், முன் டிக்கி திறப்பதோ கரண்டில். பேட்டரி செத்தால் டிக்கி திறக்காது, டிக்கி திறக்காமல் பேட்டரியைத் தொட முடியாது. காலடியில் ஃப்யூஸ் பெட்டியிலிருந்து ஒரு சிவப்பு முனையை வெளியே இழுத்து அதற்கு 12 வோல்ட் கொடுத்துத் திறக்க வேண்டும், இது தெரியாமல் கண்ணாடியை உடைக்கக் கிளம்பின ஒருவரை நான் போனில் தடுத்திருக்கிறேன்.

இனி உங்கள் பணக் கணக்கு. எட்டு லட்சம் பர்சனல் லோன், 12 சதவீத வட்டி, ஐந்து வருடம் என்றால் மாதம் ஏறக்குறைய 17,800. வட்டி மட்டுமே இரண்டரை லட்சத்துக்கு மேல். அதன்மேல் பராமரிப்புக்கு இருபது, இருபத்தைந்தாயிரம். பெட்ரோல் இல்லாமலே மாதம் நாற்பதாயிரத்தை நெருங்குகிறது, அதுவும் வாரக் கடைசியில் ஓட்டும் இரண்டு சீட் காருக்கு. முதல் வருட நான்கு லட்சமும் வரியும் இந்தக் கணக்கில் இல்லை. அது எங்கிருந்து வரும், யூனிட்டிலிருந்து எடுப்பீர்களா? ஒர்க்கிங் கேபிட்டலில் கை வைத்து கார் வாங்கினவர் கடைசியில் இரண்டையும் சேர்த்து விற்றதைப் பார்த்திருக்கிறேன். விற்பதும் லேசில்லை தம்பி. க்ரெட்டா என்றால் ஒரு வாரத்தில் போகும், கேமனுக்கு ஆள் வர ஆறு மாதம்கூட ஆகும். வருகிறவரும் நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் உங்களிடம் கேட்பார்.

ஆகவே இந்தக் காரை இந்தக் கடனில் வாங்க வேண்டாம். கையில் பதினாறுதான் என்றால் பதினொன்று, பன்னிரண்டுக்கு உட்பட்ட காராகப் பாருங்கள், மீதி அதன் செலவுக்கு. ஸ்கோடா ஆக்டேவியாவில் பழசு ஒன்று மாட்டினால் நான்கு பேர் உட்காரலாம், வேகத்துக்கும் குறைவில்லை, டிஎஸ்ஜி என்கிற ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் இருந்தால் அதை மட்டும் நன்றாகச் சோதிக்க வேண்டும். போர்ஷேதான் வேண்டும், வேறெதுவும் மனசுக்கு ஒட்டாது என்றால் (எனக்கும் அந்த வியாதி உண்டு, அதனால் திட்டமாட்டேன்) இன்னும் இரண்டு மூன்று வருடம் பொறுத்து, கடன் இல்லாமல் முப்பது சேர்ந்த பிறகு, 2009 அல்லது அதற்குப் பிந்தைய மாடலாகப் பாருங்கள். இருபத்திரண்டு, இருபத்து நாலு காருக்கு, மீதி தனிக் கணக்கில், தொடாமல்.

பெங்களூர் போய்ப் பார்த்துவிட்டாவது வருகிறேன் என்பீர்கள், தெரியும். போங்கள். ஆனால் முந்தின ராத்திரியிலிருந்து காரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று ஓனரிடம் சொல்லி வையுங்கள். போய் இறங்கியதும் காரைச் சுற்றிவந்து ரசிப்பதற்கு முன்னால் பின்பக்கம் குனிந்து சைலன்சர் குழாய் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள். சூடு தட்டினால், குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது தெரியும் குறையை மறைக்க நீங்கள் வருவதற்குள் சூடாக்கி வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எதிர்க்கடையில் ஒரு காபி குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடியுங்கள்.